தோழன் மோதிரம்

அத்தியாயம் பதினான்கு

கனடாப் பொய் இன்னும் எத்தனை கிழமைக்குத் தாங்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமலா இருக்கும் என்று சிலர் சண்டைக்கே வந்திருக்கிறீர்கள். தெரியும். அந்த மாடியில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரியும். ஆனால் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டைப் பற்றி வெளியாரிடம் வாய் திறக்காமல் இருப்பது வெள்ளவத்தை லேன்களில் ஒரு மரியாதை. நாளைக்கு அவர்கள் வீட்டிலும் ஒரு பேச்சு வரும் அல்லவா?

இந்தக் கிழமைதான் முதன்முதலாக வாசிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தரணி துஷாந்தினி, அம்மாவோடும் தங்கை யதுஷாவோடும் தம்பி ஜனாவோடும் மூன்றாம் மாடி பிளாற்றில் இருக்கிறாள். அப்பா இல்லை. ஜனாவுக்கு இருபத்துமூன்று வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அவனைச் சேர்க்க ஒரு பள்ளிக்கூடம் தேடி அப்பா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கூடப் போன துஷாந்தினி, சட்டம் படித்து முடித்ததும், இப்படியான பிள்ளைகளின் வழக்குகளைத்தான் எடுப்பேன் என்று நின்றுவிட்டாள். வருமானம் குறைவு, பெயர் பெரிது.

யதுஷாவைக் கேட்டு வந்த அன்று, மாப்பிள்ளை கிஷாந்தின் தாய் சிவமணி சுவரில் இருந்த பழைய குடும்பப் படத்தைப் பார்த்து, "தம்பி இப்ப எங்க?" என்று கேட்டார். அம்மாவின் வாயிலிருந்து "கனடாவில" என்று வந்துவிட்டது. வெள்ளவத்தையில் அந்தப் பதிலுக்கு அடுத்த கேள்வி "கனடாவில எவடம்?" என்பதுதான். அம்மா "ஸ்காபரோ" என்றார். துஷாந்தினி பக்கத்தில் இருந்தாள். நீதிமன்றத்தில் ஒரு நிமிடம் வாயை மூடாதவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் ஜனாவைக் கண்டதோடு நின்று போயின. "வம்சத்தில இருக்கும்போல" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு முப்பத்தெட்டாகிறது. தனக்கு நடந்தது தங்கைக்கும் நடந்துவிடுமோ என்ற பயத்தில் வாய் அடைத்துப்போனது. அதுதான் உண்மை.

சரி, இந்தக் கிழமைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை காலை, கல்வி அலுவலகத்தின் மேல்மாடியில் ஒரு விசாரணை. கொட்டாஞ்சேனை றோஸியின் மகள் ரொஷேலுக்கு எட்டு வயது. கதைக்க மாட்டாள். சந்தோஷம் வந்தால் உரத்துச் சத்தம் போடுவாள். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய அதிகாரிகள் வந்த நாளில், அவளை விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையில் இருத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். வந்தவர்கள் பாட்டுக் கேட்டு, கேக் சாப்பிட்டு, படம் பிடித்துப் போகும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

"பூட்டேல்ல மிஸ், சாத்தினது" என்றார் பள்ளிக்கூடத்து உப அதிபர். நல்ல மனிதர்தான். நெற்றியில் திருநீறு, பையில் இரண்டு பேனை. "பிள்ளையின்ர பாதுகாப்புக்காகத்தான் செய்தது. ஆக்களைக் கண்டு பயந்திடும் எல்லே?"

"பிள்ளை பயந்ததோ, நீங்கள் பயந்தீங்களோ?"

விசாரணை அதிகாரி, நடுத்தர வயதுச் சிங்களப் பெண்மணி, "ஹரி, ஹரி", போதும் போதும் என்று சிங்களத்தில் சொல்லிக் கையை உயர்த்தினார். துஷாந்தினி தான் கேட்டதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

உப அதிபருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "மிஸ், சட்டம் கதைக்கிறது லேசு. உங்கட வீட்டில இப்பிடி ஒரு பிள்ளை இருந்தால் தெரியும். பெரிய ஆக்கள் வாற நேரம் நடு ஹோலில இருத்துவீங்களோ?"

"இருக்கிறார்" என்றாள் துஷாந்தினி. "என்ர தம்பி. எங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்தால் கதவைத் திறக்கிறவரே அவர்தான்."

அதையும் சிங்களத்தில் சொல்லி, அதையும் எழுதச் சொன்னாள். அதிகாரி எழுதினார். உப அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு விசாரணையின் போக்கே மாறிவிட்டது. திங்கட்கிழமை முதல் ரொஷேல் தன் வகுப்பிலேயே இருப்பாள், கூட ஓர் உதவி ஆசிரியை இருப்பார் என்று முடிவாயிற்று.

சொன்னது பொய் என்றும் இல்லை. கனடாப் பொய் வரும்வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது. லிஃப்ற் சத்தம் கேட்டாலே ஜனா ஓடிப்போய்க் கதவைத் திறப்பான். "வாங்கோ, இருங்கோ" என்று கைகொடுப்பான், பெயர் கேட்பான், தேத்தண்ணியா கோப்பியா என்று விசாரிப்பான். தண்ணீர்ப் பில் கொண்டு வருகிறவர் கூட அவனுக்குக் கைகொடுக்காமல் போக முடியாது.

கீழே இறங்கியதும் றோஸி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், உங்க தம்பிய பத்திச் சொன்னீங்களே, அப்ப அந்தாளு மொகத்தைப் பாத்தீங்களா? எனக்கு அழுகையே வந்திரிச்சு. எங்க வீட்டுக்காரர் பற்றிக்குக்கு ஹார்பர்ல டியூட்டி, ராவைக்குச் சொல்லணும் அவர்ட்ட."

"சொல்லுங்கோ. ரொஷேலுக்குப் புதுச் சப்பாத்து வாங்குங்கோ. திங்கள் போகவேணும் எல்லே."

"ஒரு நாளைக்கு இவளக் கூட்டிட்டு வாறேன் மிஸ். ஜனா தம்பிய ஒரு தரம் பாக்கணும். இண்டைக்கே வேணுமிண்டாலும் வரலாம், வெள்ளவத்தைக்கு நேரா பஸ் இருக்கு."

"இண்டைக்கு வேண்டாம் றோஸி. வீட்டில ஒரு விசேஷம்."

றோஸி நல்லவள், ஏன் என்று கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஐந்தாறு தாய்மாருக்கு ஜனா ஒரு தைரியம். "அந்த மிஸ்ஸின்ர தம்பியைப் பாருங்க" என்று சொல்லித்தான் அவர்கள் தங்கள் பிள்ளைகளை வீதிக்குக் கூட்டிவருகிறார்கள். வெள்ளவத்தை வீட்டுக் கதையில் அவன் ஸ்காபரோவில் கம்பனி வேலை செய்கிறான். இரண்டையும் துஷாந்தினி தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினாள்.

பம்பலப்பிட்டி தாண்டும்போது அம்மாவின் கோல்.

"துஷா, ஜனா இஞ்சதான் நிக்கிறான்."

"கிருலப்பனைக்கு விடேல்லையே?"

"எங்க விடுறது? மாமாவுக்கு விடிய நெஞ்சுக்குள்ள நோவாம். மாமி களுபோவில ஆஸ்பத்திரியில நிக்கிறா. வீட்டில ஒருத்தரும் இல்லை. நீ கெதியா வா பிள்ளை."

இதுவரை மாப்பிள்ளை வீட்டார் வந்த ஒவ்வொரு தடவையும் ஜனா கிருலப்பனையில் மாமி வீட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. வருகிறவர்களை வரவேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறித்தாகிவிட்டது, மண்டபம் பிடித்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால், ஜனா வெளிக்கிட்டு நிற்கிறான். வெள்ளைச் சேர்ட், கறுத்தக் களிசான், தலைக்கு எண்ணெய். பலகாரம் சுடுகிற மணத்திலேயே ஆட்கள் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மேல் பொத்தான் மட்டும் பூட்டவில்லை. அதற்காக அக்காவிடம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஆர் அக்கா வருகினம்?"

அவள் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

குசினிக்குள் யதுஷா வடையை எண்ணெயில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "இண்டைக்கு மட்டும்தான் அக்கா. கலியாணம் முடியட்டும், கிஷாந்திட்ட நானே சொல்லுறன். அவர் நல்லவர்."

"நல்லவர் எண்டால் இப்பவே சொல்லன்."

"இப்ப சொன்னால் முடிவெடுக்கிறது அவரில்லை. அவற்ற அம்மா, அவற்ற பெரியப்பா, கண்டியில இருக்கிற சனம் முழுக்க. உனக்குத் தெரியாதே?"

துஷாந்தினிக்குத் தெரியும். அதுதானே வினை.

"நீ கோட்டில கதைக்கிற மாதிரி இஞ்ச கதைச்சால் என்ர கலியாணம்தான் அக்கா போகும்" என்றாள் யதுஷா. எண்ணெய்ச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. அழுதாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "உனக்கு உன்ர வழக்குப் பிள்ளையள் எத்தினையோ பேர் இருக்கினம். எனக்கு இது ஒண்டுதான்."

அம்மா ஜனாவைக் குசினிக்குப் பின்னால் இருந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். முன்னொரு காலம் வேலைக்காரிக்கென்று கட்டிய அறை. ஒரு கட்டில், ஒரு ஃபான், மேலே ஒரு சின்ன யன்னல். அம்மா நெடுநேரம் அவனோடு மெல்லக் கதைத்தார். என்ன கதைத்தார் என்று வெளியே கேட்கவில்லை. வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லிப்போட்டன். சத்தம் போட மாட்டான். நீ கதவைப் பூட்டு."

"பூட்டத் தேவையில்லை அம்மா. சொன்னால் கேப்பான்."

"மணி அடிச்சால் ஓடி வருவான். நீ அறியாததே?"

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அம்மா முன்பக்கம் போய்விட்டார். சாவி கதவிலேயே தொங்கியது. துஷாந்தினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. மணி மறுபடி அடித்தது. அவள் சாவியைத் திருப்பி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேறு யாரும் அவளுடைய கையைப் பிடித்துச் செய்யவில்லை. அவளேதான் செய்தாள். செய்த மறுகணமே தன்மேல் அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது.

ஹோலில் சிவமணியும் மாப்பிள்ளையின் பெரியப்பா சவுந்தரநாயகமும் இருந்தார்கள். சவுந்தரநாயகம் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். எந்த வீட்டுக்குப் போனாலும் ஃபானுக்கு நேர் கீழே உள்ள கதிரையைப் பிடித்துக்கொண்டு, மிச்சக் கதையைப் பெண்களிடம் விட்டுவிடுகிறவர். சிவமணியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீதனம் என்று வாய் திறக்காதவர். யதுஷாவைக் கண்டதும் பக்கத்தில் இருத்தி, "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்று கன்னத்தைத் தடவினார். இப்படியான ஒருவரை ஏமாற்றுகிறோமே என்று துஷாந்தினிக்கு இருந்தது. கெட்ட மனுஷியாக இருந்தால் மனம் இவ்வளவு அரித்திருக்காது.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். இந்த வீட்டில் அன்றைக்கு வடை, பற்றிஸ், கேக், பயித்தம் உருண்டை என்று மேசை நிறைந்திருந்தது. அம்மா மட்டும் ஒன்றையும் தொடவில்லை.

தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு சிவமணி கைப்பையைத் திறந்து, ஒரு கம்பியில் கோத்த சின்னச் சின்ன வளையங்களை எடுத்து மேசையில் வைத்தார். நகைக்கடையில் மோதிர அளவு பார்க்கக் கொடுக்கிற வளையங்கள்.

"நாளைக்குச் செட்டியார் தெருவுக்குப் போறன் அக்கா. தோழன் மோதிரத்துக்கு ஓடர் குடுக்கவேணும். கடைக்காரன் அளவு கேக்கிறான்."

அம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று.

எங்கள் கலியாணங்களில் இது தெரிந்த விஷயம்தான். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்கிறவன் பெண்ணின் தம்பி. அவன்தான் தோழன். கழுவி முடித்ததும் மாப்பிள்ளை அவனுடைய விரலில் ஒரு மோதிரம் போடுவார். சாதகம் பார்த்தார்கள், மண்டபம் பார்த்தார்கள், வடைக்கு உழுந்து கூடப் பார்த்து வாங்கினார்கள். தோழனை மட்டும் இந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

"அவனுக்கு லீவு கிடைக்குமோ தெரியேல்ல" என்றார் அம்மா. "மச்சான்மாரில ஒருத்தனை விடலாம் எண்டு..."

"சொந்தத் தம்பி இருக்கேக்க மச்சானோ? அது வடிவில்லை அக்கா. கிஷாந்தும் சொன்னவன், தம்பிக்கு ப்ளைற் ரிக்கற் தானே போடுறானாம். எனக்கும் இருக்கிறது ஒரே மகன். அவனுக்கு ஒரு தம்பி கிடைக்கப்போறான் எண்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம்."

சவுந்தரநாயகம் ஃபானுக்குக் கீழே இருந்து தலையாட்டினார். "அது முறை."

"அளவை அவனிட்டக் கேட்டுப் பிறகு அனுப்பிறம் அன்ரி" என்றாள் யதுஷா.

"பிறகு ஏன்? இப்ப அங்க விடிஞ்சிருக்கும். வட்சப்பில எடு பிள்ளை. நானும் ஒருக்கா முகத்தைப் பாக்கிறன். இத்தினை நாளாக் கதைக்கவும் இல்லை."

"அவனுக்கு நைட் ஷிஃப்ற். இப்பதான் வந்து படுத்திருப்பான்" என்றார் அம்மா.

"அப்ப நம்பரைத் தாங்கோ. ராவைக்குக் கிஷாந்தை எடுக்கச் சொல்லுறன்."

யதுஷா அம்மாவைப் பார்த்தாள். அம்மா துஷாந்தினியைப் பார்த்தார். இல்லாத ஒரு நம்பரை யார் சொல்வது? ஒரு மச்சானின் நம்பரைக் கொடுக்கலாம், அவனுக்கு முன்கூட்டியே கோல் எடுத்துச் சொல்லிவைக்கலாம், கலியாணத்துக்கு முதல்நாள் ப்ளைற் தப்பிவிட்டது என்று சொல்லலாம். துஷாந்தினியின் மூளை வக்கீல் மூளை. அது தன்பாட்டில் அடுத்த பொய்யையும் அதற்கடுத்த பொய்யையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டே போனது. அப்படிப் போனால் யதுஷாவின் பிள்ளைப்பேறு வரைக்கும், அம்மாவின் சாவீடு வரைக்கும் ஜனா அந்தப் பின்னறையில்தான் இருக்கவேணும் என்று அவளுக்கு விளங்கியது. பொய் வெளிப்பட்டால் யதுஷாவின் வாழ்க்கை போகும். வெளிப்படாவிட்டால் ஜனாவின் வாழ்க்கை.

"நீ சொல்லன் பிள்ளை" என்றார் அம்மா. நம்பரைத்தான் கேட்டார். ஒரு பொய் நம்பரை.

துஷாந்தினி எழும்பினாள். "ஒரு நிமிசம் அன்ரி, வாறன்."

ஹோலைக் கடந்து, குசினியைக் கடந்து போனாள். யதுஷா பின்னாலேயே ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அக்கா வேண்டாம். உன்னைக் கும்பிட்டன்."

துஷாந்தினிக்குத் தங்கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயந்து, பார்க்காமலே சாவியை எடுத்துத் திருப்பினாள். கதவு திறந்தது.

ஜனா கட்டிலின் விளிம்பில் முதுகை நிமிர்த்தி இருந்தான். ஃபான் போடவில்லை. சேர்ட் வியர்வையில் நனைந்திருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வா ஜனா. வெளியில வா. ஆக்கள் வந்திருக்கினம். உன்னைப் பாக்கவேணுமாம்."

அவனுடைய முகம் மலர்ந்தது. எழும்பப் போனான். பிறகு ஏதோ நினைவுக்கு வந்து மறுபடி இருந்துவிட்டான்.

"ஏலாது அக்கா. நான் கனடாவில."

ஜனாவுக்கு மெல்லக் கதைக்க வராது. ஹோலில் கப் வைக்கிற சத்தம் நின்றது.

"அது சும்மா சொன்னது ஜனா. வா."

"சும்மா இல்லை. அம்மா அழுதழுது சொன்னவ." அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். "நான் வெளிய வந்தால் யது அக்கான்ர கலியாணம் நிண்டுபோம். முந்தி உங்கட கலியாணமும் நான் வந்துதான் நிண்டது. ரெண்டு தரம். எனக்குத் தெரியாது. இண்டைக்குத்தான் அம்மா சொன்னவ."

துஷாந்தினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக எந்த ஒரு சொல் அவனுடைய காதில் விழாமல் காத்தாளோ, அந்தச் சொல்லை இந்த அறைக்குள் வைத்துத்தான் அம்மா சொல்லியிருக்கிறார். அவள்தான் அதை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறாள்.

பின்னால் சேலை உரசுகிற சத்தம். சிவமணி குசினி வாசலில் வந்து நின்றார். மோதிர அளவு வளையங்கள் இன்னும் கையில் இருந்தன. அவருடைய முகத்தில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை. யதுஷா சுவரோடு சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஜனா எழும்பி வாசலுக்கு வந்தான். புது ஆளைக் கண்டதும் பழக்கத்தில் வலது கை நீண்டது. "வாங்கோ" என்றும் வாய்வரை வந்துவிட்டது. உடனே கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அன்ரி, நீங்கள் என்னைக் காணேல்ல, சரியோ?"

சொல்லிவிட்டு உள்ளிருந்து கதவைத் தள்ளிச் சாத்தினான். மெதுவாக, யாருடைய விரலும் நசியாமல்.

"பூட்டுங்கோ அக்கா" என்றது குரல்.